‘செயற்கைத் தகவல்’ வேண்டாம்: ‘வனை’ என்ற வினையிலிருந்து ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு உண்டாக்கும் குரல், படம், காணொளிகளைக் குறிக்க அரசின் விதி பயன்படுத்தும் ‘சிந்தெட்டிக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் நான் இதுவரை வாய் திறக்கவில்லை. ‘செயற்கை’ போதுமே, எதற்கு இத்தனை மடல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சொல்லுக்கு விதி தரும் வரையறையைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிச் சட்டம் கிடையாது. 2025 நவம்பர் 5 அன்று வெளியான அரசின் ஆளுகை வழிகாட்டுதல்களும், இருக்கிற சட்டங்களே இப்போதைக்குத் தாங்கும் என்றுதான் சொல்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் வேடிக்கை. போதிய அளவு சோதிக்கப்படாத செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வெளியிட அரசின் அனுமதி வேண்டும் என்று 2024 மார்ச் 1 அன்று ஓர் அறிவுறுத்தல் வந்தது. மார்ச் 15 அன்று அதை மாற்றி வந்த அறிவுறுத்தலில் அனுமதி என்ற பேச்சே இல்லை. ஆக, இது செய்யலாம், இது கூடாது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய விதி வேண்டுமென்றால், 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளில் செய்த திருத்தத்தைத்தான் எடுக்க வேண்டும். வரைவு 2025 அக்டோபரில் வந்தது. இப்படி உண்டான ஒலி, காட்சிகளுக்கு அடையாளச் சீட்டு ஒட்டச் சொல்லும் அந்தத் திருத்தம் 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாம் தமிழ் தேடும் சொல்தான் அந்தத் திருத்தத்தின் அச்சாணி.

என் முதல் வரைவு இது: ‘செயற்கைத் தகவல் என்பது, செயற்கையாகவோ படிமுறை (‘அல்காரிதம்’) வழியாகவோ உருவாக்கப்பட்டு, உண்மையான ஆள் அல்லது நிகழ்வு என்றே நம்பத்தக்கதாக இருக்கும் ஒலி அல்லது காட்சி.’ இதை உண்டாக்குவது எது? செயற்கை நுண்ணறிவு. ஒரு மூச்சில் மூன்று செயற்கை. ஆங்கிலத்தில் ‘சிந்தெட்டிக்’, ‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்ற இரண்டு தனித்தனிச் சொற்கள் செய்கிற வேலையைத் தமிழில் ஒரே மாடு இழுக்கிறது. நைலானுக்கும் செயற்கை, வைரத்துக்கும் செயற்கை, மழைக்கும் செயற்கை என்று அதைப் பல காலமாக எல்லா வண்டியிலும் பூட்டிவிட்டோம்.

இழையில் வந்த மற்றவற்றில் ‘போலித் தகவல்’ எனக்குச் சுத்தமாக ஒப்பவில்லை. 2024 ஜனவரியில் தி.மு.க. தலைவர்களில் ஒருவரான டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்துப் பேசினார். கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் சால்வை எல்லாம் அப்படியே. அவர் மறைந்தது 2018இல் என்பது அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் பிறந்தநாளுக்கு அவர் குரலில் ஓர் ஒலிப்பதிவை அ.தி.மு.க. வெளியிட்டது. கட்சியே செய்தது, தொண்டர்களே கேட்டார்கள். இவற்றைப் போலி என்பீர்களா? ஆனாலும், இவை போன்றவற்றுக்கு அடையாளச் சீட்டு வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம். ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று பார்த்துவிட்டுச் சீட்டு ஒட்டச் சொல்லவில்லை. போலி என்பது தீர்ப்பு. எப்படி உண்டானது என்பதை மட்டும் சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும்.

தீர்ப்பை வரையறைக்குள்ளேயே வைத்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை நண்பர்கள் நன்கு அறிவார்கள். 2024இல் அங்கே நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைக் குற்றமாக்கியது. பொய் எது என்று ஓர் ஆணைக்குழு முடிவு செய்வதா என்ற சண்டை மூண்டது. (‘ஆன்லைன்’ என்பதற்கு நிகழ்நிலை! நாங்கள் இங்கே இணையவழி என்று இழுத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.)

‘புனைதகவல்’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. புனைகதையும் புனைபெயரும் நமக்கு வேண்டியவை. ஆனால் நீதிமன்ற வாசலில் இந்த வினைக்கு வேறு முகம். ‘பொய் வழக்குப் புனைந்தார்கள்’ என்று நாளிதழில் படிக்கிறோம். புனைசுருட்டு என்றால் மோசடிதான். வழக்கறிஞர் கையில் கொடுத்தால் புனைதகவலும் அரை நாளில் போலித் தகவலாகிவிடும்.

‘தொகுப்புத் தகவல்’ என்றவருக்கு, ‘சிந்தெசிஸ்’ என்பதைத் தொகுப்பு என்னும் வேதியியல் நினைவு வந்திருக்கிறது. அந்த வழி சரியானதுதான். ஆனால் படத்தொகுப்பு என்று நாம் எதைச் சொல்கிறோம்? வெட்டி ஒட்டுவதை. நல்லெண்ணத்தோடு செய்யும் வழக்கமான திருத்தம், நிறம் சரிசெய்தல், இரைச்சல் நீக்கல் ஆகியவற்றுக்கு விதி வெளிப்படையாகவே விலக்கு அளிக்கிறது. எதற்கு விலக்கோ அதன் பெயரையே விலக்கில்லாததற்கு வைத்தால், ‘நான் தொகுத்தேன், அவ்வளவுதான்’ என்று ஒருவர் தப்பிக்க நாமே கதவு திறந்துவிட்டது போல ஆகும்.

என் பரிந்துரை ‘வனை’. குயவர் சக்கரத்தில் குடம் வனைகிறார். மண் ஏற்கெனவே இருந்தது, வடிவம் இல்லை; சக்கரமும் கையும் சேர்ந்து இதுவரை இல்லாத ஒரு குடத்தை எழுப்புகின்றன. பல்லாயிரம் குரல்களை மண்ணாகப் பிசைந்து புதுக் குரல் ஒன்றை எழுப்பும் பொறிக்கு இதைவிட நெருக்கமான வினை எனக்குத் தெரியவில்லை. நன்மை தீமை எதுவும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. வனைந்த குடத்தில் நீரும் வைக்கலாம், கள்ளும் வைக்கலாம்.

வினைத்தொகையாகவும் தடையின்றி வருகிறது: வனைகுரல், வனைபடம், வனைகாணொளி. பொதுப்பெயராக வனைதகவல். சீட்டில் ‘வனைந்தது’ என்று போட்டால் ஐந்தே எழுத்து. ‘செயற்கையாக உருவாக்கப்பட்டது’ என்பதை என் கைப்பேசித் திரையின் மூலையில் பொருத்திப் பார்த்தேன். இரண்டாக மடிந்து பேசுபவரின் தாடையை மறைத்தது. வரைவு கேட்டபடி, சீட்டு திரையில் 10 விழுக்காடு இடம் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனை இறுதி விதியில் இல்லை. இடத்தின் அளவு இனி சமூக ஊடகத் தளங்களின் விருப்பம், அவர்கள் தாராளமாகக் கொடுக்கப் போவதில்லை. சொல் குறுகியே தீர வேண்டும்.

ஓட்டை இல்லாமலில்லை. ‘மெய் போலத் தோன்றும்’ என்ற பாதி இதில் வரவில்லை. கேலிச்சித்திர யானை ஒன்றும் வனைந்ததுதான். விதிக்கு அது பொருட்டே இல்லை. ‘மெய்நிகர்’ ஏற்கெனவே ‘விர்ச்சுவல்’ வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது. வரையறை வாக்கியத்திலேயே அந்தப் பாதியைச் சொல்லிவிடலாம், சொல்லின் தலையில் ஏற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். ஒருவரின் முகத்தையோ குரலையோ போலியாக உண்டாக்கி ஏமாற்றும் ‘டீப்ஃபேக்’ தனிக் கதை. அங்கே போலி என்ற தீர்ப்பு பொருந்தும்; ஆழ்போலி இருக்கட்டும்.

‘வனை யாருக்குப் புரியும்’ என்ற கேள்வி வரும் என்று தெரியும். மண்பாண்டத்துக்குப் பேர்போன மானாமதுரையில் புரியும். மற்ற ஊர்களில் சீட்டைப் பத்து முறை பார்த்தால் புரிந்துவிடும்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. பெயர்ச்சொல்லாக்கும்போது ‘வனைவு’ என்பதா, ‘வனைப்பு’ என்பதா? இலக்கணம் அறிந்தவர்கள் சொன்னால், வெள்ளிக்கிழமைக்குள் வரையறையைத் திருத்தி இங்கேயே அனுப்புகிறேன்.