பெல்லட் அடுப்பு: சூடானதும் ஃபேன் நின்று நின்று ஓடுகிறது

ஒடுகத்தூர்:
வணக்கம். மல்லாட்டைத் தோலை (வேர்க்கடலைத் தோல்) அழுத்திச் செய்த சின்ன உருளைகளை, அதாவது பெல்லட்டைப் போட்டு எரிக்கிற அடுப்பு வைத்திருக்கிறோம். அடியில் 12 வோல்ட் டிசி ஃபேன், அடாப்டரில் ஓடுவது. காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. பற்ற வைக்கும்போது நன்றாக ஓடும். சோறு கொதி வருவதற்குள் நின்றுவிடுகிறது, உடனே புகை. பக்கத்தில் தட்டினால் மறுபடி ஓடும், சில சமயம் தட்டாமலேயே ஓடும். ஆறிய பிறகு ஒரு குறையும் இல்லை. ஃபேன் இருக்கிற அடிப்பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. புகை வேண்டாம் என்றுதான் விறகடுப்பையே விட்டோம்.

காட்பாடி:
அக்கா, ஃபேன் நின்றால் முதலில் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு அம்மாவை வெளியே உட்கார வையுங்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கும், அதற்கு வாசனையே கிடையாது.

பெட்டியை இப்போதே மாற்ற வேண்டாம். திருகை முழுக்கத் திறந்து வையுங்கள். ஃபேன் நிற்கிற அந்த நேரத்தில் அதன் சிவப்பு, கறுப்பு ஒயரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12க்குப் பக்கத்தில் காட்டினால் ஃபேன்தான் பழுது. ஒன்றும் காட்டவில்லை, அல்லது ஏறி இறங்குகிறது என்றால் அடாப்டர், திருகு, ஒயர் இணைப்பு இந்த மூன்றில் ஒன்று. நன்றாக ஓடும்போது அளந்தால் எதுவும் தெரியாது.

ஆம்பூர்:
ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்க.

ராணிப்பேட்டை:
தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சூட்டில் பிசுக்காகி இன்னும் இறுகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான்.

ஒடுகத்தூர்:
தம்பி சொன்னபடி பார்த்தேன். நின்றபோதும் 11.8 காட்டுகிறது. குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளினால் ஓடுகிறது.

ராணிப்பேட்டை:
அப்போ கரண்ட் சரியாக வருகிறது. பெரும்பாலும் புஷ் (ஃபேனின் அச்சு உள்ளே சுழலும் வளையம்) எண்ணெய் காய்ந்து, சூட்டில் இறுகிப் பிடிக்கிறது. புஷ்ஷுக்குப் பதில் சின்ன உலோகக் குண்டுகள் மேல் அச்சு சுழலும் பால் பேரிங் ஃபேனாகப் பார்த்து வாங்குங்கள். அகலம், தடிமன், வோல்ட், ஆம்பியர் நான்கும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். காற்று போகும் பக்கம் அம்புக்குறி இருந்தால் பார்த்துப் பொருத்துங்கள்.

ஆனால் ஃபேன் ஏன் இவ்வளவு சூடாகிறது என்று பார்க்காவிட்டால் புதுசும் போய்விடும். மல்லாட்டைத் தோலில் சாம்பல் அதிகம், கட்டி தட்டும். காற்றுத் துளைகள் அடைத்தால் சூடு கீழே இறங்கும். ஆறிய பிறகு கம்பியால் குத்தித் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். தீ அணைந்ததும் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள், அடுப்பு ஆறும்வரை ஃபேன் ஓடட்டும்.

ஒடுகத்தூர்:
அடிவரிசைத் துளைகள் பாதிக்கு மேல் அடைத்திருந்தன, குத்திவிட்டேன். பால் பேரிங் ஃபேன் சொல்லி வைத்திருக்கிறேன், வரும்வரை கேஸ்தான். சமைக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வது அண்ணா?

ராணிப்பேட்டை:
சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஃபேன் இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான், ஒரு சமையலுக்குத் தாங்கும். ஒயர் மாற்றும்போது சிவப்பு ப்ளஸ்ஸில்தான் போக வேண்டும்.