வீட்டு ஒலிப்பதிவில் மிக்சரை எங்கே வைப்பது?

இணுவில் வயலின்காரர்:
வணக்கம். வீட்டில் நடக்கும் சிறிய கர்நாடக இசைக் கச்சேரிகளைப் பதிவுசெய்ய விரும்புகிறோம். எங்களிடம் சூம் ஆர்16 றெக்கோடர், எட்டு வழி மிக்சர், ஐந்து ஒலிவாங்கிகள் ஆகியன உள்ளன. பாட்டு, வயலின், கடம் ஆகியவற்றுக்குக் கொண்டென்சர் வகையையும், மிருதங்கத்தின் இரு பக்கங்களுக்கும் டைனமிக் வகையையும் வைத்திருக்கிறோம். அனைத்தையும் மிக்சரில் செருகி, அதன் பிரதான வெளியீட்டை றெக்கோடருக்குக் கொடுத்தபோது, மிருதங்கம் பாட்டை மூடிவிட்டது. பின்னர் அதை மட்டும் குறைக்க முடியவில்லை. மெல்லிய உறுமல் ஒன்றும் தொடர்ந்து கேட்கிறது. இணைப்பை எவ்வாறு மாற்றலாம்?

கொக்குவில் ஒலிப்பதிவாளர்:
மிக்சரின் பிரதான வெளியீடு இடம், வலம் என்னும் இரண்டு தடங்களையே தரும். ஐந்து ஒலிகளும் அவற்றுள் கலந்த பின் பிரித்தெடுக்க இயலாது. ஆர்16 ஒரே நேரத்தில் எட்டுத் தடங்களைத் தனித்தனியே பதியக்கூடியது. ஆகவே ஒலிவாங்கிகளை நேராக அதிலேயே செருகுங்கள். கொண்டென்சருக்கு வேண்டிய 48 வோல்ட் பாண்டம் மின்சாரம் (ஒலிவாங்கியின் வயர் வழியாகவே செல்லும் மின்சாரம்) றெக்கோடரின் 5ஆம், 6ஆம் உள்ளீடுகளில் மாத்திரமே கிடைப்பதால், பாட்டும் வயலினும் அங்கே போகட்டும். மிருதங்கத்தின் இரு பக்கங்களான தொப்பியும் வலந்தலையும் 3, 4இல் இருக்கட்டும்.

எஞ்சும் கடத்துக்குத்தான் மிக்சர் தேவை. கடத்தின் ஒலிவாங்கியை மட்டும் மிக்சரில் செருகி, அதன் பாண்டத்தை இயக்கி, அந்த வழியின் ஒக்ஸ் குமிழை (ஒலியைப் பிரதான வெளியீட்டுக்குப் புறம்பான துணை வெளியீட்டுக்கு அனுப்புவது) மாத்திரம் உயர்த்தி, ஒக்ஸ் வெளியீட்டிலிருந்து றெக்கோடரின் 7ஆம் உள்ளீட்டுக்கு ஒரு வயரைக் கொடுங்கள். அங்கே வருவது ஏற்கெனவே பெருக்கப்பட்ட லைன் மட்ட ஒலி என்பதால், 7ஆம் உள்ளீட்டின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) முற்றாகக் குறைத்துவிட்டே தொடங்க வேண்டும்.

மட்டம் பார்க்கும்போது மிருதங்கக் கலைஞரைத் தனியாவர்த்தனத்தில் வாசிப்பதுபோலவே வாசிக்கச் சொல்லுங்கள். சோதனையில் எல்லோரும் அடக்கமாகவே வாசிப்பார்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதிருந்தால் போதும். 24 பிட்டில் பதிந்தால் குறைந்த மட்டத்தைப் பின்னர் உயர்த்தலாம். உச்சத்தில் வெட்டுப்பட்ட ஒலியை மீட்கவே முடியாது.

அரியாலை வாசகர்:
உறுமலைப் பற்றிச் சொல்கிறேன். றெக்கோடரை ஆறு ஏஏ பற்றரிகளில் இயக்கிப் பாருங்கள். உறுமல் நின்றால், அது மின் இணைப்பின் வழியாகவே வருகிறது. மிக்சர், றெக்கோடர், அம்பிளிபயர் மூன்றையும் ஒரே பலகையிலிருந்து இயக்குவது பெரும்பாலும் உதவும். பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடும்படி சிலர் சொல்வார்கள். 230 வோல்ட்டில் அது உயிருக்கே ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள்.

இணுவில் வயலின்காரர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பதிந்ததை அதே மிக்சர் வழியாகக் கேட்கலாமா?

கொக்குவில் ஒலிப்பதிவாளர்:
கேட்கலாம். றெக்கோடரின் வெளியீட்டை வேறு இரு வழிகளில் செருகி, அவ்வழிகளின் ஒக்ஸ் குமிழ்களைப் பூச்சியத்தில் வையுங்கள். அவை திறந்திருந்தால் றெக்கோடரின் ஒலி அதற்குள்ளேயே திரும்பிப் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையிடும்.