பங்குத் தரகு டீலர் வேலையிலிருந்து அல்கோ வர்த்தகத் (கணினி நிரல் வழியே தானாக நடக்கும் பங்கு வர்த்தகம்) துறைக்கு: வழிகாட்டுதல் தேவை

குழுவினருக்கு வணக்கம். காட்பாடியில் ஒரு பங்குத் தரகுக் கிளையில் ஒன்பது ஆண்டுகள் டீலராக இருந்து, வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்லும் விலையை ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டு ஆர்டர் போட்டுவந்தேன். அனைவரும் கைப்பேசிச் செயலிக்கு மாறிவிட்டதால் சென்ற மாதம் கிளையையே மூடிவிட்டார்கள். டீலர் கைபடாமல் வாடிக்கையாளரே ஆர்டர் போடும் நேரடிச் சந்தை அணுகலை 2008இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அனுமதித்தபோதே நான் விழித்திருக்க வேண்டும்; அப்போது கல்லூரியில் இருந்தேன் என்பது வேறு கதை.

பி.காம். பட்டமும், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய என்.ஐ.எஸ்.எம். (தேசியப் பத்திரச் சந்தைக் கல்வி நிறுவனம்) தரும் டெரிவேட்டிவ் (பங்கு போன்றவற்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) சான்றிதழும் இருக்கின்றன. ஆனால் சென்னையில் நடந்த நேர்காணலில், பழைய விலைத் தரவை வைத்துப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு வர்த்தக உத்தியைச் சோதித்துக் காட்டச் சொன்னதும் கை ஓடவில்லை. இந்த வயதில் நிரல் எழுதக் கற்பதா, அல்லது அல்கோ ஆர்டர்களைக் கண்காணிக்கும் இடர் மேலாண்மைப் பிரிவுக்கு முயல்வதா? அப்பிரிவில் பணிபுரிவோர் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்பதையும், சத்துவாச்சாரிப் பக்கம் மாலையில் பைத்தான் கற்றுத்தருவோர் இருந்தால் அவர்களைப் பற்றியும் தெரிவிக்க வேண்டுகிறேன்.