தருமபுரிக்காரருக்குச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் என்ன கிடைக்கும்?

பாலக்கோடு மாணவி:
எங்கள் பக்கத்து ஏரிகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன். வெள்ளைக்கார அதிகாரி மெக்கன்சி திரட்டிய பழஞ்சுவடிகள் சேப்பாக்கத்தில், பல்கலைக்கழக நூலகத்து மாடியில் இருப்பதாக நெறியாளர் சொன்னார். ராத்திரி பஸ் ஏறிப் போனால் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாமா? 'தருமபுரி' என்று தேடினால் பழைய நூல் எதுவுமே சிக்கவில்லை.

பென்னாகரம் கணக்கு வாத்தியார்:
ஒரே நாளா? நான் மூன்று நாள் உட்கார்ந்தும் பாதிதான் முடித்தேன் அம்மா.

நீங்கள் தேடும் பெயரில்தான் சிக்கல். தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். அதற்கு முன் எல்லாம் சேலம் மாவட்டம், கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்தில் இந்தப் பக்கத்துக்குப் பாரமகால் என்று பெயர். 1792-இல் திப்புவிடமிருந்து இந்தச் சீமை கும்பினிக்குக் கைமாறியதும் அதன் அதிகாரி ரீடும் அவருக்குக் கீழே மன்றோவும் நிலம் அளந்து வரி போட்டார்கள். அந்தப் பாரமகால் ஆவணங்கள் பிற்பாடு அச்சேறின. அதோடு லெ ஃபானு 1883-இல் தொகுத்த சேலம் மாவட்டக் கையேட்டையும் கேளுங்கள். ஏரி, வாய்க்கால் என்றால் நான் முதலில் புரட்டுவது அதைத்தான்.

பல்கலைக்கழக நூலகம் 1907-இல் தொடங்கியது, முதலில் இருந்த இடம் கன்னிமாரா நூலகம். கடற்கரை எதிரே மணிக்கூண்டோடு நிற்கும் கட்டடம் 1936-இல் வந்தது. 1924-இல் நூலகராக வந்த ரங்கநாதன் அதுவரை கணக்கு வாத்தியார் (எங்கள் ஆள்!). லண்டன் கடையில் பொம்மை மெக்கானோ துண்டுகளைக் கோத்துக் காட்டியதைப் பார்த்துத்தான், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் கோலன் பகுப்பு முறை அவருக்குத் தோன்றியதாம். தமிழ் இலக்கியத்துக்கு அதில் O31. கணக்குப் படித்த எனக்கே அந்த எண்கள் பிடிபட ஒரு பொழுது ஆனது.

காவேரிப்பட்டணம் வாசகர்:
வாத்தியார் ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1869-இல் தொடங்கிய அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் வேறு, பல்கலைக்கழக நூலகம் வேறு. ரொம்ப காலம் ஒரே கட்டடத்தில் இருந்ததால் எல்லோருக்கும் இந்தக் குழப்பம். இப்போது நீங்கள் தேடும் சுவடிகள் அந்தச் சுவடிகள் நூலகத்தோடு கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கின்றன. நம் எல்லைப்பக்கத்துக்குத் தமிழோடு கன்னட, தெலுங்குச் சுவடிகளையும் கேளுங்கள். படிக்க ஆள் வேண்டியிருக்கும்.

பாலக்கோடு மாணவி:
கன்னடம் என் பாட்டி வாசிப்பார். சரி, அவரையும் கூட்டிக்கொண்டு குரோம்பேட்டை அத்தை வீட்டில் நான்கு நாள் தங்கிவிடுகிறேன்.