கிளட்சை மிதித்தால் சத்தம் நிற்கிறது: எந்தெந்த பேரிங்கை மாற்றணும்?

வணக்கம் நண்பர்களே. முன்சக்கர டிரைவ், 5 ஸ்பீடு மேனுவல் கார். நியூட்ரலில் ஐடிலில் நிற்கும்போது கரகரவென்று அரைக்கிற சத்தம். கிளட்சை முழுதாக மிதித்தால் ஓரிரு வினாடியில் அடங்குகிறது, காலை எடுத்தால் திரும்ப வருகிறது. ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்) போயிருந்தால் மிதிக்கும்போதுதான் கத்தும். நின்ற வண்டியிலேயே வருவதால் வீல் பேரிங், சிவி ஜாயின்ட் (சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் மடங்கும் இணைப்பு) பேச்சுக்கே இடமில்லை. ஆக, சந்தேகம் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து சுழற்சியை உள்ளே கொண்டுவரும் தண்டு) பேரிங் மேல்தான்.

கிளட்ச் பிளேட் ஸ்பிரிங் தளர்ந்தாலும் நியூட்ரலில் சத்தம் வரும். ஆனால் அது கடகடக்கும், வண்டி இழுக்கும்போது குறைந்துவிடும். இது எல்லா கியரிலும் லோடில் கூடுகிறது. நீள ஸ்க்ரூ டிரைவரைக் கியர்பாக்ஸ் கூட்டின் மேல் வைத்துக் கேட்டால் கடைசி மூடிப் பக்கம்தான் பலம்.

கியர்பாக்ஸ் ஆயில் அளவு சரி. டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. இதிலோ நகத்தில் தட்டுப்படும் மினுக்குச் செதில்கள். பேரிங் ரேஸ் (உருளைகள் ஓடும் வளையம்) உரிகிறது என்றே படுகிறது. கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்கும் யோசனை தயவுசெய்து வேண்டாம். குளிரில் கியர் விழாது, உரிவதும் நிற்காது.

கியர்பாக்ஸை இறக்கத்தான் போகிறோம். செதில் ஆயிலோடு எல்லா இடமும் சுற்றியிருக்கும் என்பதால் அவுட்புட் ஷாஃப்ட் (சுழற்சி வெளியேறும் தண்டு), டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பகுதி) பேரிங்குகளையும் சேர்த்து மாற்றுவதுதான் முறையா? டேப்பர் பேரிங் (கூம்பு உருளை பேரிங்) என்றால் பழைய ஷிம்மையே (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) போடலாமா, டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் புதிதாக அளந்தே ஆகணுமா? கியர் பல்லில் எந்த அளவு குழி விழுந்தால் கியரையும் மாற்றுவீர்கள்? கியர்பாக்ஸ் பிரித்துக் கோத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.