சனிக்கிழமை ட்றெயிலர் (எங்கட குடும்பம், ஹொல்ஸ்ரெப்ரோ, டென்மார்க்)

தம்பி: சனி 10 மணிக்கு ட்றெயிலர் எடுத்திட்டன். அம்மான்ர கீழறைச் சாமான் முழுக்க கொம்யூன் (நகரசபை) குப்பைக்கு. ஆர் ஆர் வாறியள்?

அத்தான்: வாறன். முதுகுதான் நோகுது

சித்தப்பா: 👍

பெரியக்கா: முழுக்க எண்டா? கதிரையளுமோ?

தம்பி: ஆறும்தான். கயிறு பிஞ்சு தொங்குது. ஒண்டுக்குக் கால் ஆடுது

பெரியக்கா: டேய் அதில கை வையாத!!

பெரியக்கா: அது ஜே39 எண்ட மொடல். பொர்கே மொகன்சன் எண்ட டெனிஷ் வடிவமைப்பாளர் 1947இல எஃப்.டி.பி. எண்ட டெனிஷ் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரைஞ்சது. சாதாரண சனம் வாங்கக்கூடிய நல்ல கதிரை வேணுமெண்டு செய்தது, அதுதான் டெனிஷ்காரர் "மக்கள் கதிரை" எண்டுறவை. இண்டைக்கும் செய்து விக்கினம். பிஞ்சது கயிறில்லை, முறுக்கின கடதாசி. பழசை வெட்டி எடுத்திட்டுப் புதுசாப் பின்னலாம். வெக்னர் எண்ட இன்னொரு டெனிஷ் வடிவமைப்பாளரின்ர ஒய் கதிரை ஒண்டுக்கே 120 மீற்றர் போகும், அப்ப ஆறுக்கும் எவ்வளவு எண்டு யோசியுங்கோ. நூலைக் கொஞ்சம் நனைச்சாத்தான் வளையும்.

லண்டன் மாமி: கடதாசியிலயோ அண்ணை இவ்வளவு காலம் இருந்தவர் 😮

அத்தான்: ஆடுற காலுக்கு நான் ஆணி அடிச்சு விடுறன்

பெரியக்கா: ஐயோ வேண்டாம் அத்தான், மரம் வெடிக்கும். கழட்டி, பழைய பசையைச் சுரண்டிப் புதுப்பசை போட்டு, கிளாம்பால இறுக்கி ஒரு நாள் விடோணும்.

சித்தப்பா: ஒண்டுக்கு நான் வெள்ளை பெயின்ற் அடிச்சனான். நல்லாத்தானே இருக்கு

பெரியக்கா: சித்தப்பா, அது ஓக். அதைச் சுரண்டி எடுக்கவே எனக்கு ரெண்டு கிழமை வேணும்

சித்தப்பா: சின்னவளின்ர சாமத்திய வீட்டுக்கு வெள்ளைக் கதிரை வேணுமெண்டு நீங்கள்தானே பிள்ளை கேட்டனியள்

லண்டன் மாமி: அந்தச் சாமத்திய வீட்டுக்கு எங்களுக்குக் காட் வரேல்லை

சின்னக்கா: மாமி திருப்பித் தொடங்காதேங்கோ 🙏

தம்பி: வார்னிஷ் ஆர் வாங்கிறது?

பெரியக்கா: வார்னிஷ் வேண்டாமடா. சவுக்காரச் சீவலைக் கொதிதண்ணியில கரைச்சு ஆறவிட்டு, துணியால மரத்தின்ர போக்குக்குப் பூசித் துடைக்கோணும். காஞ்சாப்பிறகு மெல்லிய சாண்ட் பேப்பர். ஓக் மஞ்சளாகாமல் வெளிறினபடி இருக்கும்.

அம்மா: 🎤 1:12

சின்னக்கா: கேட்டியளோ? 86இல முதல் குளிருக்குப் பக்கத்து வீட்டு டெனிஷ் அம்மா தானே ஒவ்வொண்டாத் தூக்கிக்கொண்டு வந்து தந்தவவாம். அதுவரைக்கும் சூட்கேசில இருந்துதான் சாப்பாடாம்

தம்பி: எனக்கு இது தெரியாது

பெரியக்கா: அப்பான்ர கதிரையில முன்கட்டை இடப்பக்கம் பள்ளமாத் தேஞ்சிருக்கு. வேலையால வந்து சப்பாத்துக் கழட்டேக்க குதிக்கால் வைக்கிற இடம். அதை மட்டும் நான் தேய்க்கமாட்டன்.

சின்னக்கா: 😢

தம்பி: சரி. ஆனா புது பிளாற்றில நாலுதான் கொள்ளும்

பெரியக்கா: ரெண்டை நான் ஓஹூஸ் நகரத்துக்குக் கொண்டு போறன். அப்பான்ரையும் அதுக்குள்ள

சின்னக்கா: அது எப்பிடி நீங்களே முடிவெடுக்கிறது

பெரியக்கா: தையல் மெஷின் ஆரிட்ட இருக்கு?

அத்தான்: 🙊

லண்டன் மாமி: ஹேர்னிங் பிள்ளையார் கோயில் தேர் எப்ப? ரிக்கற் பாக்கோணும்

அம்மா: 🎤 0:09

சின்னக்கா: தன்னை ஒருத்தரும் கேக்கேல்லையாம்

தம்பி: அப்ப ட்றெயிலர் சனிக்கிழமை வேணுமோ வேண்டாமோ?

சித்தப்பா: வெள்ளைக் கதிரையை விடுங்கோ, அதை நான் எடுக்கிறன்

பெரியக்கா: தம்பி, கதிரையளுக்கு மேல போத்த ரெண்டு பழைய போர்வை கொண்டு வா