கிரனாடா பயணம்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் செல்ல ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரல் மாதம் அம்மாவுடன் ஸ்பெயினின் கிரனாடா நகரில் 3 நாட்கள் தங்க எண்ணியுள்ளேன். 1492 வரை நஸ்ரி என்னும் முஸ்லிம் அரச மரபினர் இருந்து ஆண்ட, குன்றின் மேலுள்ள அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனையை, குறிப்பாக அம்மரபின் மன்னர் ஐந்தாம் முகம்மது எழுப்பிய சிங்க முற்றத்தையும் அதன் நடுவே 12 பளிங்குச் சிங்கங்கள் தாங்கி நிற்கும் நீர்த்தொட்டியையும், அவசரமின்றிப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை.

அம்மாவுக்கு 68 வயது; முழங்கால் வலியால் மேடேறச் சிரமப்படுவார். நஸ்ரி அரண்மனைகளுக்குள் நுழைவுச்சீட்டில் குறித்த நேரத்திலேயே நுழைய வேண்டும் என்பதால், காலையில் முதலில் அரண்மனைகளைப் பார்த்துவிட்டு, ஓய்வெடுத்த பிறகு ஹெனராலிஃபே தோட்டத்துக்கு நடப்பது அவருக்கு இயலுமா? இடையில் உட்கார நிழலான இடங்கள் உண்டா? நகர மையத்திலிருந்து குன்றுக்கு ஏறும் சிறு பேருந்துகளில் மூத்தோருக்கு இருக்கை கிடைக்குமா?

எதிர்க்குன்றில் உள்ள அல்பைசின் பகுதியில், கூழாங்கல் பதித்த சரிவான சந்துகளில் அதிகம் நடக்காமல் சான் நிக்கோலாஸ் முற்றத்தை அடைந்து, சியரா நெவாடா மலைகளின் பின்னணியில் அல்ஹம்ப்ராவை மாலை ஒளியில் அவருக்குக் காட்ட விரும்புகிறேன். பெற்றோருடன் சென்று வந்தவர்கள், எந்தப் பகுதியில் தங்கினீர்கள், எங்கே சிரமப்பட்டீர்கள் என்று விரிவாக எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.